ஒரு முறை மட்டும் அழுத்தவும்

போன மாதம் ஒரு காலை, படப்பை மார்க்கெட்டில் கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. கார்த்திக். ஒரகடத்தில் நான் வேலை பார்த்த உதிரிபாகத் தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன். நான் ஒன்பது வருடம் கட்டி மேய்த்த போர்ட்டலைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றைக் கொண்டுவருகிறார்களாம். பழைய நிரலை வரிவரியாகப் படித்துக்கொண்டு வந்தவனுக்கு, நடுவில் தமிழில் ஒரு குறிப்பு தட்டுப்பட்டிருக்கிறது.

“சார், முகப்புப் பக்கத்து ஃபைல்ல இப்படி எழுதியிருக்கு. ‘இந்தப் பக்கத்தில் புதிய பெட்டி வைக்க விரும்புபவர், முதலில் மதியம் இரண்டு மணி ஷிப்ட் வரிசையில் ஒரு நாள் நின்றுவிட்டு வரவும். த.’ இந்த ‘த’ நீங்கதானே? இதை எடுத்துடவா, புதுசுலயும் போடணுமா?”

வைக்கலாம், எடுக்கலாம் என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் அந்த வரி ஏன் வந்தது என்பதைக் கத்தரிக்காய்க் கடைக்காரர் முன்னால் நின்றுகொண்டு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “எழுதி அனுப்புறேன்பா” என்றேன். பணி ஓய்வு பெற்றவன் எழுதுகிறான் என்றால் தன் பெருமையை எழுதுவான் என்று கார்த்திக் நினைத்திருப்பான். அவனுக்கு ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது.

என் பெயர் தணிகாசலம். அம்பத்தூரில் ஒரு பட்டறையின் ஸ்டோர்ஸில் பதினெட்டு வருடம் போல்ட்டும் நட்டும் எண்ணினேன். அட்டையில் எழுதிய கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆள் வேண்டும் என்று கேட்டபோது, கையைத் தூக்கியவன் நான் ஒருவன்தான். அதற்காக மாலை வகுப்பு போய், சின்னப் பையன்களோடு உட்கார்ந்து நிரல் எழுதக் கற்றுக்கொண்டேன். 2006இல் ஒரகடத்துக்காரர்கள், ஸ்டோர்ஸும் தெரிந்து கம்ப்யூட்டரும் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். இரண்டும் அரைகுறையாகத் தெரிந்த நான் போய் நின்றேன். எடுத்துக்கொண்டார்கள்.

போர்ட்டல் என்றால் கம்பெனிக்குள்ளேயே இருக்கும் ஒரு வலைத்தளம், அவ்வளவுதான். விடுப்பு கேட்பது, எந்த லைனில் யாருக்கு என்ன வேலை என்று பார்ப்பது, கேன்டீனில் இன்று சாம்பார் சாதமா புளிசாதமா என்று தெரிந்துகொள்வது எல்லாம் அதில்தான். எல்லாவற்றையும்விட முக்கியம் வருகைப் பதிவு. கேட்டில் காவலர் அடையாள அட்டையைப் பார்த்து உள்ளே விடுவார். ஆனால் வந்ததாகக் கணக்காவது, ஒவ்வொரு லைன் வாசலிலும் நிறுத்தியிருந்த கியோஸ்க் என்ற திரைப்பெட்டியில் அட்டையைத் தேய்த்து ‘பதிவு’ என்ற பொத்தானை அழுத்திய பிறகுதான். ஷிப்ட் தொடங்கும் நேரத்துக்குள் பதிவாகவில்லை என்றால் பெயருக்கு எதிரே ஒரு சிவப்புக் குறி விழும்.

எனக்கு மேலதிகாரி மீனாட்சி மேடம். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். ஆனாலும் என்னைத் ‘தணிகாசலம் சார்’ என்றுதான் கூப்பிடுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நாம் ஏதாவது விளக்க ஆரம்பித்தால் கையிலிருந்து வாட்சைக் கழற்றி மேஜைமேல் வைப்பார். நேரத்தைப் பார்க்கமாட்டார், சும்மா வைப்பார். நமக்குத்தான் அதைப் பார்க்கப் பார்க்க வார்த்தைகள் குறைந்துகொண்டே போகும். முடித்ததும் மூன்று கேள்வி கேட்பார். “எப்போ நடந்துச்சு? எத்தனை பேருக்கு? நீங்க பாத்தீங்களா?” நாம் என்ன பதில் சொன்னாலும், “சரி, அப்படியே நோட்ல எழுதிக் கையெழுத்துப் போடுங்க” என்று சொல்லி வாட்சைத் திரும்பக் கட்டிக்கொள்வார்.

அந்த நோட்டு சர்வர் அறையில் ஒரு நீளமான கணக்கு நோட்டு. கம்ப்யூட்டர் பிரிவில் எதற்கு நோட்டு என்று அவர் முதுகுக்குப் பின்னால் நான் நிறையக் கேலி பேசியிருக்கிறேன். அதில் என் கையெழுத்தில் அதிகமாக இருக்கும் சொல் ‘ரீஸ்டார்ட்’. போர்ட்டல் நின்றுபோனால் அணைத்துப் போடுவேன், ஓடும். எதனால் நின்றது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. சர்வர் மேல் ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமம் அடுத்த ஆயுத பூஜை வரை அழியாமல் பார்த்துக்கொண்டேன். அதையும் ஒரு பராமரிப்பு வேலையாகத்தான் நினைத்திருந்தேன். லைன் பையன்கள் எனக்கு ‘ரீஸ்டார்ட் தாத்தா’ என்று பெயர் வைத்திருந்தது ரொம்ப நாள் கழித்துத்தான் என் காதுக்கு வந்தது. தாத்தா என்றதுதான் எனக்கு வலித்தது.

சேர்ந்த மூன்றாவது வருடம் மனிதவளத்துறையிலிருந்து ஒரு கோரிக்கை வந்தது. போர்ட்டலைத் திறந்தால் குடும்பம் மாதிரி ஒரு உணர்வு வரவேண்டுமாம். நான் உடனே எழுந்து, முகப்புப் பக்கத்தில் பிறந்தநாள் பெட்டி ஒன்று வைக்கலாம் என்றேன். இன்று யாருக்குப் பிறந்தநாளோ அவர் புகைப்படம், சுற்றிலும் பூ, கீழே வாழ்த்து. நானே உட்கார்ந்து எழுதினேன். கைதட்டினார்கள். சான்றிதழ் ஒன்று தந்தார்கள். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, வருகிறவர்கள் கண்ணில் படும்படி மேஜைமேல் கொஞ்சம் சாய்த்து வைத்தேன்.

அடுத்த வருடம் மூன்றாவது லைன் வந்தது. தெற்கிலிருந்து பயிற்சித் தொழிலாளர்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். படப்பையிலும் வடக்குப்பட்டிலும் ஒரு அறைக்கு ஆறு பேர், எட்டு பேர் என்று தங்கினார்கள். அதே சமயம் போர்ட்டல் மெல்ல மெல்ல இழுக்க ஆரம்பித்தது. காலை ஆறு மணி ஷிப்ட் எப்படியோ சமாளித்துவிடும். மதியம் இரண்டு மணிக்கு உள்ளே வருகிறவர்கள், வெளியே போகிறவர்கள், ஆபீஸ்காரர்கள் எல்லோரும் சேர்ந்து அழுத்தும்போது திரையில் சக்கரம் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும்.

நான் என் வைத்தியத்தைத் தொடங்கினேன். சர்வருக்கு நினைவகம் போதவில்லை என்று முடிவு கட்டி, இருந்த அத்தனையையும் போர்ட்டலுக்கே எழுதி வைத்தேன். போர்ட்டல் அவ்வப்போது வேலையை நிறுத்தித் தன் குப்பையைத் தானே பெருக்கும். வீடு பெரிதானால் பெருக்கும் நேரமும் பெரிதாகும் என்பது எனக்குத் தோன்றவில்லை. முன்பு கண் சிமிட்டும் நேரம் நின்றது, இப்போது முக்கால் நிமிடம் நின்றது. அடுத்து, ஒரே சமயத்தில் ஐம்பது கோரிக்கைகளைத்தான் கவனிக்கும் என்றிருந்த அளவை ஐந்நூறாக மாற்றினேன். கேன்டீனில் தட்டு இருப்பது ஐம்பது, வாசலை மட்டும் பத்து மடங்கு அகலமாக்கினால் என்ன ஆகும்? ஐந்நூறு கோரிக்கைகளும் ஒரே மூச்சில் தரவுத்தளத்தின் மேல் போய் விழுந்தன. அது படுத்துவிட்டது. அதையே நம்பியிருந்த லேபிள் அச்சடிக்கும் எந்திரமும் கூடவே படுத்தது. சரக்கு ஏற்றிய ஏழு லாரிகள் லேபிள் இல்லாமல் கேட்டுக்குள் நின்றன. ஓட்டுநர்கள் இறங்கிவந்து என்னைப் பற்றி விசாரித்ததாகச் சொன்னார்கள். நான் அன்று மதியச் சாப்பாட்டைச் சர்வர் அறையிலேயே முடித்துக்கொண்டேன்.

எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிட்டு, பதிவேடுகளைப் பார்த்தேன். ஒரே ஆள் ஒரே நிமிடத்தில் ஆறு முறை, ஏழு முறை ‘பதிவு’ அழுத்தியிருந்தார்கள். எனக்குத் தலையிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. குற்றவாளி கிடைத்துவிட்டான், அது நான் இல்லை. நோட்டில் ‘காரணம்: தொழிலாளர்கள் பொத்தானைப் பலமுறை அழுத்துவது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு அறிவிப்பும் அடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, எல்லாக் கியோஸ்க்குகளுக்கும் மேலே ஒட்டவைத்தேன். ‘பொத்தானை ஒரு முறை மட்டும் அழுத்தவும். திரை வரும்வரை பொறுமையாகக் காத்திருக்கவும்.’ கீழே ‘வே. தணிகாசலம், கணினிப் பிரிவு’ என்று என் பெயர். அதற்கும் மேல் பச்சை மையில் கையெழுத்து. அந்தப் பச்சை மைப் பேனாவை அதற்காகவே வாங்கினேன்.

இரண்டு வாரம் ஆனது. ஒரு வியாழக்கிழமை காலை மூன்றாவது லைன் சூப்பர்வைசர் ஏழுமலை சர்வர் அறைக் கதவைத் தட்டினார். வடக்குப்பட்டுக்காரர். தொழிற்பேட்டைக்கு நிலம் போன பிறகு தொழிற்சாலைக்கு வந்தவர். எதையும் மென்று முழுங்கமாட்டார்.

“சார், உங்க பொட்டி இன்னா சார் சுத்திகினே கீது? என் லைன்ல ஒரு பொண்ணு, இசக்கியம்மாள்னு. நாங்குநேரிப் பக்கம். கை சுத்தமான பொண்ணு சார், அது கட்டுன வயரு ஒண்ணு திரும்பி வந்தது இல்ல. பர்மனென்ட் இன்டர்வியூக்குப் பேரு போவுது, சனிக்கெழம மத்தியானம் லிஸ்ட்டு. கடைசி மாசத்துல ஒரு செவப்புகூட இருக்கக் கூடாது. அதுக்கு மூணு கீது.”

“லேட்டா வந்தா செவப்பு விழத்தான் செய்யும் ஏழுமலை.”

“லேட்டா? ஒன்றரைக்கே வந்து நின்னுகினு கீது சார், நான் பாக்குறேன். லிஸ்ட்டுல பேர் இல்லன்னா ஊருக்குத் திரும்பிப் போவணும் அது. வூட்ல அது ஒண்ணுதான் சம்பாதிக்குது.”

“பட்டன திரும்பத் திரும்ப அழுத்தியிருக்கும். நோட்டீஸ் ஒட்டியிருக்கேன்ல” என்றேன்.

ஏழுமலை என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, நேராக மீனாட்சி மேடம் அறைக்குப் போனார். ஐந்து நிமிடத்தில் எனக்கு அழைப்பு வந்தது. போனேன். வாட்ச் மேஜைமேல் இருந்தது. போர்ட்டல் சரியாக இருக்கிறது, என் மேஜையிலிருந்து தினமும் சோதிக்கிறேன், அரை நொடியில் திறக்கிறது, தவறு பயனாளர்களுடையது என்று விளக்கினேன். அவர் முதல் இரண்டு கேள்வியை விட்டுவிட்டு மூன்றாவதை மட்டும் கேட்டார்.

“நீங்க பாத்தீங்களா?”

“என் சீட்லருந்து பாத்தேன் மேடம்.”

“அவங்க சீட் அது இல்லையே சார். இன்னைக்கு மதியம் அந்த வரிசைல போய் நில்லுங்க. உங்க அட்மின் அட்டை வேண்டாம், உங்க பேர்லயே சாதா அட்டை ஒண்ணு போட்டுக்கிட்டு.”

ஐம்பத்து மூன்று வயதில் பள்ளிப் பையன் மாதிரி வரிசையில் நிற்கப் போனேன். ஒன்று ஐம்பதுக்கு எனக்கு முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். தலையில் தொப்பி, கையில் டிபன் பை, சட்டையில் இசக்கியம்மாள் என்ற பெயர்ப் பட்டை. அவள் முறை வந்ததும் அட்டையைத் தேய்த்தாள். ‘பதிவு’ பொத்தானை ஒரு முறை அழுத்தினாள். இரண்டு கையையும் கட்டிக்கொண்டு என் பச்சைக் கையெழுத்துக்குக் கீழே நின்றாள்.

சக்கரம் சுற்றியது. இடதுபக்கக் கியோஸ்க்கில் ஒரு பையன் பொத்தானைக் குத்து குத்தென்று குத்தினான். நாலாவது குத்தில் அவனுக்குத் திரை வந்தது, சிரித்துக்கொண்டே உள்ளே போனான். அவனுக்குப் பின்னால் வந்தவனும் குத்தினான், அவனும் போனான். இசக்கியம்மாள் கைகட்டி நின்றாள். இரண்டு நிமிடம். நாலு நிமிடம். கடிகாரம் ஒன்று ஐம்பத்தொன்பது காட்டியது. எனக்குப் பொறுக்கவில்லை.

“இன்னொரு தடவ அழுத்தும்மா.”

திரும்பிப் பார்த்தாள். “ஒருக்கதான் அழுத்தணும்னு போட்டுருக்குல்லா சார்?”

“பரவாயில்ல, அழுத்து.”

அவள் அறிவிப்பைப் பார்த்தாள். பிறகு என் சட்டையில் தொங்கிய அட்டையைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். தயங்கித் தயங்கிக் கையை நீட்டும்போது மணி அடித்துவிட்டது. இரண்டு மணி. அழுத்தியதும் திரை வந்தது, சிவப்புக் குறியோடு. அவள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு லைனுக்குப் போனாள். மூன்றாக இருந்தது நாலானது. இந்த முறை எனக்கு முன்னாலேயே.

நடந்தது என்னவென்று எனக்கு அங்கேயே கொஞ்சம் பிடிபட்டது. ஒரு கோரிக்கை அறுபது நொடிக்குள் முடியவில்லை என்றால் முன்வாசல் சர்வர் அதைக் கைகழுவிவிடும். ஆனால் திரையில் சுற்றும் சக்கரம் வெறும் படம்தானே, அதற்கு அது தெரியாது. அது பாட்டுக்குச் சுற்றும். திரும்ப அழுத்துகிறவன் புதிதாக ஒரு கோரிக்கை அனுப்பி, அதிர்ஷ்டம் இருந்தால் உள்ளே நுழைந்துவிடுவான். பொறுமையாகக் காத்திருக்கிறவர் எப்போதோ செத்துப்போன கோரிக்கைக்கு முன்னால் காத்திருப்பார். நான் சொன்னபடி கேட்டவர்களுக்கு மட்டும்தான் சிவப்பு. அந்தத் தொழிற்சாலையில் என் அறிவிப்பை நம்பிய ஒரே ஆளை நான் கண்டுபிடித்துவிட்டேன்.

அடுத்து என் முறை. சாதா அட்டையைத் தேய்த்துப் பொத்தானை அழுத்தினேன். பதிவோடு சேர்ந்து திறக்கும் முகப்புப் பக்கம் வர ஆரம்பித்தது. முதலில் கேன்டீன், பிறகு அறிவிப்புகள், பிறகு அப்படியே நின்றது. ரொம்ப நேரம் கழித்து ஒரு பெட்டியில் யாருடைய தலைமுடியோ வந்தது. பிறகு நெற்றி. பிறகு ஒரு விபூதிப் பட்டை. கண் வருவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. அது என் பிறந்தநாள் பெட்டி. என் அட்மின் அட்டைக்கு வரும் நிர்வாகிகள் பக்கத்தில் அந்தப் பெட்டி கிடையாது. வேலைக்கு இடைஞ்சல் என்று நானே எடுத்திருந்தேன். அதனால்தான் என் மேஜையில் எல்லாம் அரை நொடியில் திறந்தது. ஒரு வருடமாக நான் சோதித்துக்கொண்டிருந்தது யாரும் பயன்படுத்தாத ஒரு பக்கத்தை.

வெள்ளிக்கிழமை மதியம் முதல்முறையாக ரீஸ்டார்ட் செய்யாமல் உட்கார்ந்தேன். ஒன்று ஐம்பதிலிருந்து பத்து நொடிக்கு ஒரு முறை, போர்ட்டலுக்குள் ஆளுக்கொரு கோரிக்கையைக் கவனிக்கும் ஐம்பது நிரல் வேலையாட்களும் அந்தக் கணத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று எழுதித் தரச் சொன்னேன். இப்படி ஒரு வசதி இருப்பது எனக்கு நாலு வருடமாகத் தெரியும். அச்செடுத்தால் காகிதம் வீணாகும் என்று செய்ததில்லை. ஆறு முறை எடுத்து மேஜைமேல் வரிசையாகப் பரப்பினேன். ஒன்றில் நாற்பத்தேழு பேர், இன்னொன்றில் ஐம்பது பேர், அடுத்ததில் நாற்பத்தொன்பது. எல்லோரும் ஒரே வரியில் நின்றுகொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் பிறந்தநாள் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். வருகையைப் பதிவு செய்ய ஒரு ஆள் மிச்சமில்லை.

நான் எழுதிய நிரலைத் திறந்து படித்தேன். இன்று யாருக்குப் பிறந்தநாள் என்று தெரிந்துகொள்ள, அது கம்பெனியில் உள்ள அத்தனை பேரையும் முழு அளவுப் புகைப்படத்தோடு எழுப்பி நிற்கவைத்து, ஒவ்வொருவரிடமாகப் பிறந்த தேதி கேட்டது. ஒவ்வொரு முறை யார் பொத்தானை அழுத்தினாலும் இதையே முதலிலிருந்து செய்தது. எழுதும்போது நான் சோதித்துப் பார்த்தது நாற்பது பேரை வைத்து. நாற்பது பேருக்கு அது நன்றாகவே ஓடியது.

பெட்டியை எடுத்தேன். வருகைப் பதிவு முகப்புப் பக்கத்துக்காகக் காத்திருக்கும்படி வைத்திருந்ததையும் பிரித்துவிட்டேன். சனிக்கிழமை காலை ஆறு மணி ஷிப்டுக்கு நானே போய் நின்றேன். அட்டையைத் தேய்த்தார்கள், அழுத்தினார்கள், போனார்கள். வரிசையே இல்லை. ஏழுமலை மட்டும் மறுபடி மறுபடி வந்து திரையைத் தொட்டுப் பார்த்தார். “இன்னா சார், ஓடுது?” என்றார், ஏதோ கெட்ட செய்தி கேட்டவர் மாதிரி.

அந்தச் சந்தோஷத்தோடு முன்வாசல் சர்வரின் பதிவேட்டை எடுத்துக்கொண்டு மனிதவளத்துறைக்குப் போனேன். இசக்கியம்மாள் ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்கு முதல்முறை அழுத்தினாள் என்பது நொடிக்கணக்கில் அதில் இருந்தது. அங்கிருந்தவர் நியாயமானவர். ஒவ்வொன்றாகப் பார்த்து மூன்று சிவப்பை அழித்தார். நாலாவதில் நிறுத்தினார். அது பதினைந்து நாளுக்கு முந்தையது. பதிவேட்டை ஏழு நாளுக்கு மேல் வைக்காமல் தானாக அழிக்கும்படி நான்தான் அமைத்திருந்தேன்.

“உங்க நோட்டுல அந்தத் தேதி என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. போர்ட்டல் நின்னுச்சுன்னு இருந்தா அதையே வச்சுக்கிறேன்” என்றார்.

சர்வர் அறைக்கு வந்து நோட்டைப் புரட்டினேன். அந்தத் தேதியில் என் கையெழுத்தில் தெளிவாக எழுதியிருந்தது: ‘போர்ட்டல் நன்றாக இயங்கியது. பிரச்சினை எதுவும் இல்லை.’

அந்த நாள் எனக்கு நினைவிருந்தது. அது அறிவிப்பு ஒட்டிய மறுநாள். இரண்டு மணிக்குப் போர்ட்டல் பன்னிரண்டு நிமிடம் நின்றது. அறிவிப்பு ஒட்டியும் நின்றுவிட்டது என்று எழுதக் கூச்சமாக இருந்தது. யாருக்கும் சொல்லாமல் ரீஸ்டார்ட் செய்துவிட்டு, நன்றாக இருந்ததாக எழுதிவிட்டேன். ஒரு வரி பொய். அதற்குப் பின்னால் ஒரு ஆள் நிற்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மணி பதினொன்று. பட்டியல் பன்னிரண்டுக்கு. உண்மையைச் சொல்கிறேன், கால் மணி நேரம் அந்த நோட்டின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஓய்வு பெற ஐந்து வருடம் இருந்தது. நோட்டில் பொய் எழுதியவன் என்று பெயர் வந்தால் அந்த ஐந்து வருடம் எப்படிப் போகும் என்று யோசித்தேன். மூன்றை அழித்துக் கொடுத்துவிட்டோமே, நம்மால் ஆனது அவ்வளவுதான் என்றும் யோசித்தேன். கையைக் கட்டிக்கொண்டு என் பெயருக்குக் கீழே அவள் நின்ற நிற்பு மட்டும் கண்ணைவிட்டுப் போகவில்லை. நோட்டைத் தூக்கிக்கொண்டு மீனாட்சி மேடம் அறைக்குப் போனேன்.

அவர் வாட்சைக் கழற்றி வைத்தார். நான் சொன்னேன். எனக்கு நினைவு தெரிந்து அந்த வாட்சைப் பார்க்காமல் நான் பேசியது அன்று ஒருநாள்தான். முடித்ததும் அவர் அந்த மூன்று கேள்வியையும் கேட்கவில்லை. “சரி, அப்படியே நோட்ல எழுதிக் கையெழுத்துப் போடுங்க” என்றார்.

பழைய வரியை அடிக்காமல் அதன் கீழே எழுதினேன். ‘மேலே உள்ளது உண்மையல்ல. அன்று மதியம் 1.52 முதல் 2.04 வரை போர்ட்டல் இயங்கவில்லை. காரணம், நான் வைத்த பிறந்தநாள் பெட்டி. தொழிலாளர்கள் மேல் தவறில்லை.’ பச்சை மைப் பேனாதான் சட்டைப் பையில் இருந்தது. அதைக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். மேடமே அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து, மனிதவளத்துறைக்குக் கையில் கொண்டுபோனார். பன்னிரண்டு மணிப் பட்டியலில் இசக்கியம்மாள் பெயர் இருந்தது. அடுத்த வாரம் நேர்காணலில் தேறினாள்.

எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மேடமே கையெழுத்திட்டது. கடிதத்தைக் கொடுக்கும்போதும் ‘தணிகாசலம் சார்’ என்றுதான் சொன்னார். மேஜைமேல் இருந்த கண்ணாடிச் சட்டத்திலிருந்து பிறந்தநாள் பெட்டிச் சான்றிதழை எடுத்துவிட்டு, அதில் அந்தக் கடிதத்தை வைத்தேன். அளவு சரியாக இருந்தது. அறிவிப்புகளை நானே ஏணி போட்டுக் கிழித்தேன். முகப்பு நிரலில், கார்த்திக் கண்டெடுத்த அந்த வரியையும் அன்றுதான் எழுதினேன்.

அதற்குப் பிறகு நான் பெரிய நிபுணன் ஆகிவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். இன்னும் பல தவறு செய்தேன். ஒவ்வொரு தவறையும் ஒழுங்காக நோட்டில் எழுதினேன், அதுதான் வித்தியாசம். 2015இல் ஓய்வு பெற்ற நாள் மதியம் மூன்றாவது லைனில் ஒரு சின்ன விருந்து வைத்தார்கள். கேசரியும் போண்டாவும். இசக்கியம்மாள் அப்போது லைன் லீடர். கேசரித் தட்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். ஐந்து வருடமாகத் தொண்டையில் இருந்ததை அன்று சொல்லிவிட்டேன்.

“அந்த நோட்டீஸ நம்பி ஒனக்கு நாலு செவப்பு விழுந்துச்சேம்மா. அத ஒட்டுனவன் நான்தான்.”

“அது தெரியும் சார்” என்றாள் சாதாரணமாக.

“எப்போ தெரியும்?”

“வரிசைல நீங்க பின்னால நின்னீங்கல்லா, அன்னைக்கே. நோட்டீஸ்ல இருந்த பேருதான் ஒங்க அட்டைலயும் இருந்துச்சு.”

“அப்புறம் ஏன்மா, நானே அழுத்துன்னு சொல்லியும் யோசிச்ச?”

தட்டைத் துடைத்த துணியை மடித்துக்கொண்டே சொன்னாள். “வாயால சொல்லுததுக்கும் எழுதிக் கையெழுத்து வைக்கதுக்கும் வித்தியாசம் இருக்குல்லா சார்? பேரப் போட்டு எழுதுதவங்க பாக்காமலா எழுதியிருப்பாங்கன்னு நெனச்சேன்.”

எனக்குக் கேசரி புரையேறியது. தண்ணீர் எடுத்துவர அவள் ஓடினாள்.

கார்த்திக், அந்த வரியைப் புதியதிலும் போட்டுவிடு. என் பெயரை எடுத்துவிட்டு, வரிசையில் நின்று பார்த்த பிறகு உன் பெயரைப் போடு.